சட்டமும் சித்திரமும் – வாசகர் கேள்வி பதில்: வீட்டுச் சுவரில் லியோனார்டோ

போன மாதம் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுவது பற்றி எழுதியபோது, கடையில் என் மேசைக்கு மேலே லியோனார்டோ டா வின்சியின் கோட்டோவியங்கள் நான்கு மாட்டியிருப்பதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாப் பக்கம் அப்பா நடத்திய பிரேம் கடைதான் இது. முருகனும் மாரியம்மாவும் வேளாங்கண்ணி மாதாவும் கல்யாணப் படங்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. லியோனார்டோ பிறகு வந்தார், வந்தவர் போகவில்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கே.

"அக்கா, பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் வாங்கிய 'கடைசி இராவுணவு' படம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அதில் மேசைக்கடியில் இயேசுவின் பாதம் தெரிகிறது. அண்ணி வீட்டுப் படத்தில் அந்த இடத்தில் பாதம் இல்லை, வளைவாக எதுவோ மறைக்கிறது. எது சரி? இன்னொன்று, எங்கள் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு மூலையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துப் புதுக் கண்ணாடி போடலாமா?"
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். பிரிக்காதீர்கள், தங்கச்சி. இன்றைக்கு ராத்திரி யாராவது "நான் மெதுவாக எடுத்துத் தருகிறேன்" என்று கத்தியோடு வந்தாலும் விடாதீர்கள்.

நான் கடைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு பெரியவர் தம் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைப் படம். தாள் நேராகக் கண்ணாடியைத் தொட்டபடி பல வருஷம் இருந்ததால் நடுவில் ஒட்டிப்போயிருந்தது. அப்பா அன்று கடையில் இல்லை. ஓரமாக மெல்லிய கத்தியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். மணப்பெண்ணின் இடது கன்னம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கண்ணாடியைத் தம் துண்டில் சுற்றி, படத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஐந்தடிப் பாதையில் நடந்து போனார். அந்த அம்மாள் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய எதையும் நான் இழுப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சட்டத்தையும் பின்பலகையையும் மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியும் தாளும் ஒன்றாகவே இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து, உங்களுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதில் ஒரு துளை வழியாகப் படம் பிடியுங்கள். துணி இருந்தால் உங்கள் நிழலுருவம் கண்ணாடியில் விழாது. ஃபிளாஷ் வேண்டாம். அந்தப் படத்தை நல்ல தாளில் அச்சிட்டு, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விட்டுச் சட்டம் போட்டு மாட்டுங்கள். பாட்டியின் படத்தை அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவே படுக்கை வசமாக வைத்துப் பத்திரப்படுத்துங்கள். காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவர் என்றைக்காவது கிடைப்பார். பழுப்புப் புள்ளிகளை நீங்களாகத் துடைக்கவோ வெளுக்கவோ வேண்டாம். இத்தாலியில் துரின் நகர அரச நூலகத்தில் லியோனார்டோவின் முதிய முகம் என்று சொல்லப்படும் சிவப்புச் சுண்ண ஓவியம் இருக்கிறது. அதன் முகமெல்லாம் இதே பழுப்புப் புள்ளிதான். காகிதத்துக்கு ஈரம் செய்யும் வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, பாதத்துக்கு வருவோம். இந்த ஓவியம் மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை லியோனார்டோ அதை வரைந்தார். அகலம் 8.8 மீட்டர், உயரம் 4.6 மீட்டர். ஈரச் சுண்ணாம்பில் வேகவேகமாக வரைவதுதான் அந்நாளைய வழக்கம். இவருக்கு நின்று நிதானித்துத் திருத்தித் திருத்தி வரைய வேண்டும், அதனால் காய்ந்த சுவரிலேயே வண்ணம் தீட்டினார். அது சுவரோடு பிடிக்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே உதிரத் தொடங்கிவிட்டது. அப்புறம் 1652-இல் அந்தச் சுவரில் ஒரு வாசலை இடித்துத் திறந்தார்கள். வாசலின் மேல் வளைவு சரியாக நடு மேசைக்கடியில் போனது. இயேசுவின் பாதம் அத்தோடு போயிற்று. உங்கள் அண்ணி வீட்டுப் படத்தில் தெரியும் வளைவு அந்த வாசல்தான். இன்றைய சுவரைப் படம் பிடித்து அச்சிட்டது அது.

உங்கள் பாட்டி படத்தில் பாதம் எப்படி வந்தது? வாசல் இடிப்பதற்கு முன்பே பல ஓவியர்கள் அதைப் பார்த்துப் பிரதி எடுத்துவிட்டார்கள். லியோனார்டோவின் சீடர்களில் ஒருவர் என்று சொல்லப்படும் ஜாம்பியத்ரினோவின் பெயரில் உள்ள முழு அளவுப் பிரதி லண்டனில் ராயல் அகாடமியிடம் இருக்கிறது. அதில் பாதம் தெளிவாக இருக்கிறது. யூதாசின் கை பக்கத்தில் கவிழ்ந்த உப்புக் கிண்ணமும் இருக்கிறது. அப்படிப்பட்ட பிரதிகளையும் அவற்றைப் பார்த்துச் செதுக்கிய அச்சுகளையும் வைத்துத்தான் பழைய வண்ணப் படங்கள் வந்தன. ஆகவே அண்ணி வீட்டுப் படம் இப்போதைய சுவரைச் சொல்கிறது, உங்கள் படம் இடிபடுவதற்கு முன் இருந்த சுவரைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில் மாட்டினாலும் தப்பில்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு தையல் நூலை எடுத்து, படத்தின் கூரையில் ஓடும் கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக நீட்டிப் பிடியுங்கள். இரண்டு பக்கத்துக் கோடுகளும் இயேசுவின் நெற்றிப் பொட்டுக்கு அருகே வந்து சேரும். நிஜச் சுவரிலும் அந்த இடத்தில் ஓர் ஆணித் துளை இருக்கிறது. லியோனார்டோவும் உங்களைப் போலவே ஆணியில் நூல் கட்டிப் பிடித்துத்தான் கோடு போட்டிருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கு மேலே இடம் போதவில்லை என்று கூரையை வெட்டி எறிந்துவிட்டு வெறும் பதிமூன்று பேரை மட்டும் அச்சிட்டு விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். அகலம் இரண்டு முழம் என்றால் உயரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அதுதான் கணக்கு.

ஜூலையில் அன்னாள் திருவிழாவுக்கு நான் எப்படியும் உங்கள் ஊருக்கு வருவேன். படத்தைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏற வேண்டாம், அங்கேயே பார்க்கிறேன்.

"இரண்டு கடையில் மோனா லிசா பார்த்தேன். ஒன்று பச்சையும் மஞ்சளுமாக மங்கியிருக்கிறது, இன்னொன்று பளிச்சென்று இருக்கிறது. மங்கியது பழைய சரக்கா?"
– வாசகர், ஜெலுத்தோங்

மங்கியதுதான் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கு இருக்கும் நிறம். ஓவியத்தின் மேல் பூசிய வார்னிஷ் நூற்றாண்டுகளில் மஞ்சளாகிவிட்டது. நீல வானம் அந்த மஞ்சளுக்கு அடியில் பச்சையாகத் தெரிகிறது. பளிச்சென்று இருப்பதைக் கணினியில் திருத்தியிருக்கலாம், அல்லது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துப் பிரதியாக இருக்கலாம். லியோனார்டோவின் பட்டறையிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சீடர் வரைந்தது அந்தப் பிரதி. அதன் பின்னணியில் பிற்காலத்தில் பூசிய கறுப்பை நீக்கிச் சுத்தம் செய்து 2012-இல் காட்டினார்கள். உடுப்பின் சிவப்புக் கைப்பகுதி, நீல மலை, புருவம் எல்லாம் அதில் புதுசு போல இருக்கின்றன. அழகான படம்தான், ஆனால் கடைக்காரர் அதை இன்னதென்று சொல்லி விற்க வேண்டும்.

இதில் என் பிடிவாதம் ஒன்று. மோனா லிசாவைத் துணியில் அச்சிட்டு வாங்காதீர்கள். அவர் வரைந்தது பாப்லர் மரப் பலகையில், 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அந்தக் கன்னத்தில் தூரிகைத் தடமே தெரியாதபடி மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார். அதன் மேல் துணியின் நெசவு விழுந்தால் அவர் பாடுபட்டதெல்லாம் போயிற்று. வழுவழுப்பான, பளபளப்பில்லாத தாளில், மேல் பரப்பின் நுண்ணிய வெடிப்புகள் தெரியும்படி அச்சிட்டது கிடைத்தால் எடுங்கள்.

"அம்மா, வணக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். மகன் எனக்காக லியோனார்டோவின் விட்ருவிய மனிதன் படத்தை, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே ஒருவர் கைகால் விரித்து நிற்பாரே, அதைத் தருவித்தான். 60-க்கு 90 சென்டிமீட்டர். கோடுகள் தடித்துப் பிசிறு பிசிறாகத் தெரிகின்றன. மேலும் கீழும் உள்ள எழுத்து இடவலமாக மாறியிருக்கிறது. அச்சகத்தார் திருப்பி அச்சடித்துவிட்டார்களா? இதற்குத் தங்கச் சட்டம் போட நினைக்கிறேன்."
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஐயா, எழுத்தில் தப்பில்லை. லியோனார்டோ இடது கைக்காரர். தம் குறிப்பேடுகளில் வலமிருந்து இடமாக, எழுத்தையும் திருப்பியே எழுதினார். படத்துக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தால் எழுத்து நேராகிவிடும். திருப்பி அச்சடித்த படங்களும் சந்தையில் இருக்கத்தான் இருக்கின்றன, அதனால் உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். கண்டுபிடிக்க நான் பார்ப்பது நிழல் கோடுகளை. இடது கையால் இழுத்த கோடுகள் மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கம் சாயும். லியோனார்டோவின் எந்தக் கோட்டோவியத்திலும் சாய்வு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அச்சகத்தாரைக் கேளுங்கள்.

அளவுதான் தப்பு. அசல் ஒரு தாள், ஐயா. 34.4 சென்டிமீட்டர் உயரம், 24.5 அகலம். பள்ளிக்கூடத்தில் நீங்கள் புழங்கிய ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. வெனிஸ் நகர அக்கதேமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1490-இல் பேனாவும் பழுப்பு மையும் கொண்டு வரைந்தது. கையில் பிடித்து, மேசைமேல் குனிந்து பார்க்க வேண்டிய பொருள் அது. அதை இரண்டரை மடங்காக ஊதினால் முடியளவு இருந்த கோடு கயிறாகத் தெரியாமல் என்ன செய்யும்? கோட்டோவியம் என்றால் அசல் அளவுதான், போனால் ஒன்றரை மடங்கு. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சண்டை போடும் விஷயம் இது ஒன்றுதான். பெரிய சுவர் இருக்கிறது என்பதற்காகப் படத்தைப் பெரிதாக்க வேண்டாம், படத்தைச் சுற்றி வெள்ளையைப் பெரிதாக்குங்கள்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. அந்த மனிதனுக்குக் கீழே ஓர் அளவுகோல் வரைந்திருக்கிறார், இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பிரிவுகளோடு. மேலே உள்ள எழுத்து, ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன கணக்கைச் சொல்கிறது. நான்கு விரல் ஓர் உள்ளங்கை, ஆறு உள்ளங்கை ஒரு முழம், நான்கு முழம் ஒரு மனிதன். அதாவது முழத்துக்கு 24 விரல். நம் கணக்கைப் போடுங்கள். 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் என்றால்? எட்டுச் சாண். எண்சாண் உடம்பு! அதோடு நிற்கவில்லை. முகவாயிலிருந்து உச்சந்தலை வரை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு என்றும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறார். எண்சாண் உடம்பில் தலை ஒரு சாண். இதை முதன்முதல் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையை விரித்துத் தாடையிலிருந்து உச்சிவரை அளந்து பார்த்தேன். நீங்களும் பேரப்பிள்ளைகளை நிற்க வைத்து அளந்து பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தலை ஒரு பங்கைவிடப் பெரிதாக இருக்கும், அதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

தங்கச் சட்டம் கோவில் படத்துக்குப் பொருந்தும். மோனா லிசாவுக்கும் பொருந்தும். பழுப்பு மைக் கோட்டின் பக்கத்தில் தங்கம் வந்தால் கண் தங்கத்துக்குத்தான் போகும். ஒரு விரல் அகலத்தில் கருந்தவிட்டு நிற மரச் சட்டம் போதும். அசல் அளவில் அச்சிட்டு, மேலும் பக்கங்களிலும் 7 சென்டிமீட்டர், கீழே 8.5 சென்டிமீட்டர் மவுண்ட் விடுங்கள். கீழே கொஞ்சம் கூட விடாவிட்டால் படம் சரிந்து விழுவது போலத் தோன்றும். உள்ளளவு சுமார் 39-க்கு 50 வரும். மவுண்ட் தூய வெள்ளையாக வேண்டாம், பழைய வேட்டி நிறம் இருக்கட்டும். தாளின் நைந்த ஓரமும் கறையும் தெரியும்படி மவுண்டின் சன்னலைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தை மறைத்துவிட்டால் அது ஒரு தாள் என்பதே பார்ப்பவருக்கு மறந்துவிடும்.

"சமையலறையில் மாட்டலாமா, அக்கா?"
– வாசகி, பட்டர்வொர்த்

தாளிப்புப் புகை போகாத சுவர் இருந்தால் மாட்டலாம். இல்லையென்றால் வேண்டாம், தங்கச்சி. எண்ணெய்ப் பிசுக்கு சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே போகும்.

"அக்கா, எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். லியோனார்டோ வரைந்த, தலைமுடி கலைந்த பெண்ணின் முகம் எனக்கு உயிர். கூடத்தில் மாட்டினேன். 'தலைவிரி கோலத்தில் ஒரு பொம்பளை படத்தை விளக்கேத்துற வீட்டில் மாட்டுவாங்களா' என்று அத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது."
– வாசகி, பாயான் லெப்பாஸ்

அழாதே, கண்ணு. அத்தை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்தப் படத்துக்கு இத்தாலிய மொழியில் வழங்கும் பேரே 'முடி கலைந்தவள்' என்பதுதான். நம் வீடுகளில் தலைவிரி கோலம் என்றால் இழவு, இல்லாவிட்டால் சபதம். அவர் வளர்ந்த விதத்தில் அவருக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் படத்தை நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன். அசல் பார்மா நகரில் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம்தான், 24.7-க்கு 21 சென்டிமீட்டர் மரப்பலகை. முகத்தை மட்டும் முழுதாகத் தீட்டிவிட்டு முடியை நான்கைந்து இழுப்பில் விட்டுவிட்டார். முகம் நேராக நம்மைப் பார்ப்பதில்லை. இமை தாழ்ந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, உதட்டோரத்தில் சிரிப்பு வருமா வராதா என்று நிற்கிறது. மேல் இமையின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஒரு நாள் மீனாட்சி படத்துக்குக் கண்ணாடி மாற்ற ஒரு பாட்டி வந்தார். ஆணி அடிக்கும் வரை உட்காரச் சொன்னேன். சுவரில் இருந்த இந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பிள்ளை தூங்கிருச்சு போல. எழுந்தா முழிச்சுக்கும்னு அப்படியே குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கா. தலைவாரக்கூட நேரம் கிடைச்சிருக்காது" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்த முகம் வேறு எப்படியும் தெரியவில்லை.

ஆகவே இப்படிச் செய். கூடத்துச் சுவரை அத்தைக்கு விட்டுக்கொடு. அது அவர் விளக்கேற்றும் இடம். படத்தை உன் அறையில், நீ உட்கார்ந்து படிக்கும் மேசைக்கு மேலே, கண் மட்டத்தில் மாட்டு. சின்னப் படம், பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய படம், அதற்கு அறைதான் பொருத்தம். ஒரு சாயங்காலம் அத்தை உன் அறைக்கு வரும்போது அந்தப் பாட்டி சொன்னதைச் சொல்லிப் பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

"போன வருஷம் கோலாலம்பூரில் நல்ல விலை கொடுத்துச் சட்டம் போட்ட லியோனார்டோவின் குதிரைப் படம் அலை அலையாகச் சுருங்கிவிட்டது. ஓரத்தில் பூஞ்சை. பக்கத்தில் மாட்டிய போஸ்டர் நீலம் பாரித்துவிட்டது. வீடு பதினேழாவது மாடி, மேற்குப் பார்த்த கூடம், ராத்திரி ஏர்கோன் ஓடும்."
– வாசகர், செந்தூல்

சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்துத் தாளைக் கிழித்துப் பாருங்கள். நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் வீட்டில் ராத்திரி ஏர்கோன், பகலில் சன்னலைத் திறந்தால் நம் ஊர்ப் புழுக்கம். தினம் ஒரு தரம் விரிந்து ஒரு தரம் சுருங்குகிறது. நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் அது எங்கே போகும்? நடுவில்தான் புடைக்கும். படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் ஸ்டார்ச் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்க வேண்டும். செலோடேப், டபுள் டேப் இரண்டும் தாளைத் தொடவே கூடாது. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்க வராது.

அப்பா காலத்தில் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டினார்கள். ராமபாணப் பூச்சி வராது என்பது நிஜம்தான். ஆனால் செம்பு உப்பு தாளை அரித்துப் பழுப்பாக்கிவிடும். அப்பா ஒட்டிய படங்களையே நான் திரும்பப் பிரித்துப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாளே துத்தப் புட்டியை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டார்.

பூஞ்சைக்குக் காரணம் சுவர். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் அல்லது ரப்பர் பொட்டு வைத்து அரைச் சென்டிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். மவுண்ட் அட்டையும் அதற்குப் பின்னால் வரும் அட்டையும் அமிலமில்லாததாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையைத் தாளுக்கு நேர் பின்னால் வைக்க வேண்டாம். ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் சுவரும், குளியலறைக்கு மறுபக்கச் சுவரும் ஆகாது. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். இடுப்புக்குக் கீழே எதையும் மாட்டாதீர்கள்.

போஸ்டர் நீலமானதற்கு வெயில் காரணம். சாதாரண அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். அடுத்த தரம் சீக்கிரம் வெளுக்காத பிக்மென்ட் மையில் அச்சிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். புற ஊதாக்கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டால் வெளுப்பது தாமதப்படும், நிற்காது. அருங்காட்சியகங்களில் கோட்டோவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் விடுகிறார்கள், அதையும் சில வாரம் காட்டிவிட்டு இருட்டில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் மேற்குப் பார்த்த கூடத்துக்குள் நாலு மணி வெயில் விழும். குதிரையை நடைவழிக்கு மாற்றுங்கள்.

"ஆண்ட்டி, நான் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குப் பூனை வரையப் பிடிக்கும். லியோனார்டோ பூனை வரைந்திருக்கிறாரா? அதை நான் பார்க்க முடியுமா?"
– தமிழ்ப்பள்ளி மாணவி, பிறை

வரைந்திருக்கிறார், செல்லம். ஒரு தாள் நிறைய! இங்கிலாந்தில் வின்சர் கோட்டையில் அரச குடும்பத்துச் சேகரிப்பில் அவருடைய கோட்டோவியங்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒரு தாளில் பூனைகள் தூங்குகின்றன, உடம்பை நக்குகின்றன, கட்டிப் புரண்டு சண்டை போடுகின்றன. சில சிங்கமும் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் நடுவில் ஒன்று பூனையே இல்லை, குட்டி டிராகன். பூனையின் முதுகு வளைவதையே வரைந்துகொண்டிருந்தவருக்குக் கை அப்படியே டிராகனுக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தாள் ஏறத்தாழ 27-க்கு 21 சென்டிமீட்டர். உன் பள்ளி ஏ4 தாளில் கிட்டத்தட்ட அப்படியே அடங்கும். எனவே நீ பார்க்கும் அச்சும் அவர் கையில் இருந்த தாளும் ஒரே அளவு. இந்த இதழோடு ஒரு பிரதியை ஆசிரியர் குழு உனக்கு அனுப்புகிறது. கிடைத்ததும் பென்சிலால் ஒரே ஒரு பூனையை மட்டும் பார்த்து வரை, தூங்குகிற பூனை சுலபம். அப்புறம் உன் வீட்டுப் பூனையை அது தூங்கும்போது வரை. ரப்பர் போட்டு அழிக்காதே. அவரும் தப்பான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போட்டிருக்கிறார், அந்தத் தாளிலேயே தெரியும்.

கடையில் வெட்டி மிஞ்சிய சட்டத் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. உன் பூனைப் படம் எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதி அனுப்பு. கறுப்புச் சட்டம் வேண்டுமா, மர நிறம் வேண்டுமா என்பதையும் சொல்லிவிடு.